இரவு பதினொன்றரை மணிக்கு வந்த செய்தி

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருமணமாகி மும்பைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறோம். ஒரு தனியார் மருத்துவமனையின் இரைப்பை, குடல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐபிடி எனும் குடல் அழற்சி நோய் உள்ளவர்களைக் கவனிக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். பதிவேட்டில் இப்போது 640 பேர். காலையில் எண்டோஸ்கோபி அறை, பிற்பகலில் இவர்கள். மருந்துச் சந்தேகம், ரத்தப் பரிசோதனை முடிவு, காப்பீட்டுக் கடிதம், சாப்பாட்டுக் கேள்வி எல்லாம் என் சொந்த வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. தாராவியிலிருந்து வரும் தமிழ் நோயாளிகளுக்காக மற்றப் பிரிவுகளிலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவன், "அக்கா, இன்று எட்டு முறை போய்விட்டேன், ரத்தமாக வருகிறது, காய்ச்சலும் அடிக்கிறது" என்று இரவு பதினொன்றரைக்கு அனுப்பியிருந்தான். நான் தூங்கிவிட்டேன். காலை ஐந்து மணிக்குத்தான் பார்த்தேன். உடனே வரவழைத்து உள்நோயாளியாகச் சேர்த்தோம், தேறிவிட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கணவர் வேலையை விட்டுவிடு என்கிறார். மருத்துவர், "சிஸ்டர், நீங்கள் தெய்வம்" என்கிறார். நான் தவறு செய்துவிட்டேனா? இதை எப்படித் தொடர்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த இரவைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் தவறு செய்யவில்லை. பகல் முழுவதும் நின்று வேலை பார்த்த ஒரு பெண் இரவில் தூங்கினாள், நடந்தது அவ்வளவுதான். 640 பேருக்கு ஆபத்து நேரத்தில் இருந்த ஒரே வழி உங்கள் தலைமாட்டில் கிடந்த ஒரு ஃபோன் என்றால், தவறு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. உங்கள் உறக்கத்தில் இல்லை. இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரைப்பை, குடல் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இதே போன்ற ஓர் இரவு எனக்கும் உண்டு. தவறு என்னுடையது அல்ல என்று எனக்கு யாரும் சொல்லாததால் அதைப் பல ஆண்டுகள் சுமந்தேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

இந்த நோயை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஐபிடி என்பது குடல் அழற்சி நோய். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்று இதில் இரண்டு முக்கிய வகைகள். உடலின் எதிர்ப்புச் சக்தி நிலை தவறித் தன் குடலையே தாக்குவதால் புண்ணும் ரத்தப்போக்கும் வருகின்றன. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். சில மாதங்கள் அடங்கும், சில மாதங்கள் சீறும். நம் மக்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. மலத்தில் ரத்தம் என்றாலே மூலம், உடம்புச் சூடு என்று முடிவு கட்டிவிட்டு, வெந்தயமும் மோரும் குடித்துக்கொண்டே இரண்டு மூன்று ஆண்டுகளைத் தொலைத்துவிட்டு வருவார்கள். அந்த ஆண்டுகளின் பயம், வெட்கம், செலவு எல்லாவற்றையும் அவர்கள் இறக்கி வைப்பது மருத்துவரிடம் அல்ல. சில நிமிடங்களில் அடுத்த நோயாளியைப் பார்க்க வேண்டியவர் அவர். வாசலில் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு நிற்கும் சிஸ்டரிடம்தான் இறக்கி வைப்பார்கள்.

மும்பையில் இந்த நோயோடு வாழ்வது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். புறநகர் ரயிலில் கழிப்பறை கிடையாது. புறநகரான கல்யாணிலிருந்து சிஎஸ்எம்டி ரயில் முனையம் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த நிலையத்தில் எந்த நடைமேடையில் திறந்திருக்கும் கழிப்பறை இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லுவார்கள். தாராவியின் 90 அடி சாலைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்மணி, பொதுக் கழிப்பறை வரிசையில் இரவு இரண்டு மணிக்கு நிற்பதற்குப் பயந்து இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். எடை குறைந்ததை நோயின் வேகம் என்று எழுதிவிட்டோம். தமிழில் பேசும் ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. எந்த ஸ்கேனும் அதைக் காட்டியிருக்காது.

உங்கள் வேலையின் மதிப்பை நீங்களே குறைத்து எழுதியிருக்கிறீர்கள். "மருந்துச் சந்தேகம்" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் ஒரு பெண், "சிஸ்டர், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, என்ன எண்ணெய் தேய்க்கலாம்?" என்று கேட்டால், தெரியாதவர் தேங்காய் எண்ணெய் என்பார். தெரிந்தவர் அன்றே ரத்த அணுக்களை எண்ணச் சொல்லுவார். இந்த மருந்தை உடலில் சிதைக்க உதவும் என்யூடிடி15 என்ற மரபணுவில் ஆசிய மக்கள் சிலருக்கு மாற்றம் இருக்கும். அவர்களுக்குத் தொடக்க வாரங்களிலேயே முடி கொட்டும், வெள்ளையணுக்கள் சரசரவென்று இறங்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அழகுக் கேள்வி போல வரும் ஒரு செய்திக்குள் அபாயத்தைக் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. வரவேற்பு மேசைக்கு இந்த வேலையைத் தள்ளிவிடலாம் என்று நிர்வாகம் சொன்னால், இந்த ஒன்றை அவர்களிடம் சொல்லுங்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். பிரிட்டனில் இந்த நோய்க்கென்றே சிறப்புச் செவிலியர்கள் இருக்கிறார்கள். அங்கே 2019-இல் வெளியான தர நெறிகள் இரண்டரை லட்சம் மக்கள்தொகைக்கு இரண்டரை முழுநேரச் செவிலியர்கள் வேண்டும் என்கின்றன. அதற்கு அடிப்படையான கணக்கு, ஒரு முழுநேரச் செவிலியருக்கு ஏறத்தாழ 500 நோயாளிகள். உங்களுக்கோ அரை நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் பங்கு 250. நீங்கள் பார்ப்பது 640. நீங்கள் சோர்ந்து போனதற்குக் காரணம் பொறுமைக் குறைவு அல்ல. கூட்டல் கணக்கே தவறாக இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே தர நெறிகளில் உதவித் தொலைபேசிக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதில் தர வேண்டும் என்று. அந்த நிமிடமே என்று அல்ல, அன்று இரவே என்றுகூட அல்ல. இத்தனை ஏற்பாடுகள் உள்ள ஊரிலேயே யாரும் தரத் துணியாத வாக்குறுதியை நீங்கள் தனி ஆளாக, சம்பளம் இல்லாமல், சொந்த ஃபோனில் தந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை நோயாளிகள் அழைக்கும் ஃபோன் எண்ணை மாற்றுவது. பிரிவுக்கென்று ஒரு ஃபோன் வாங்கித் தரச் சொல்லுங்கள். பணி முடிந்ததும் அது மருத்துவமனையிலேயே இருக்கட்டும். "இது அவசர உதவிக்கான எண் அல்ல, வேலை நாட்களில் பார்த்து, அடுத்த வேலை நாளுக்குள் பதில் தருவோம்" என்ற வாசகம் தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் தானாகப் போகட்டும். உங்கள் சொந்த எண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரே செய்தியாக அனுப்பிவிட்டு, அந்தத் தேதிக்குப் பிறகு அதில் பதில் சொல்லாதீர்கள். முதல் இரண்டு வாரங்கள் மனது கேட்காது. சிலர் கோபித்துக்கொள்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இரவில் ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு ஓர் அட்டை போதும். 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் கடுமையான கொலைட்டிஸை அடையாளம் காண வகுத்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போவது, அதோடு நாடித் துடிப்பு 90-ஐத் தாண்டுவது, காய்ச்சல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, ரத்தசோகை என்று அது போகும். இதை நோயாளிக்குப் புரிகிற நான்கு வரிகளில் எழுதுங்கள்: ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ தலைசுற்றலோ இருந்தால், யாருக்கும் செய்தி அனுப்பிக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள், வர முடியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வலிக்கு நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள் என்றும் ஒரு வரி. புரூஃபென் வகை மாத்திரைகள் இந்த நோயைக் கிளறிவிடக்கூடும். அட்டையின் பின்பக்கம் நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், மருத்துவரின் கையெழுத்து. அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பாமல் இருக்க அந்தப் பின்பக்கம் உதவும். அந்த மாணவன் கையில் இப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் அவன் உங்களைத் தேடியிருக்க மாட்டான். பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனையில் இருந்திருப்பான்.

அடுத்தது, மருத்துவர் உங்களிடம் வாய்மொழியாக விட்டுவைக்கும் முடிவுகள். நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை; ஆனாலும் எனக்குத் தெரியும். "சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா, சொல்லிவிடுங்கள்" என்று நடைபாதையில் நடந்தபடியே சொல்லிவிட்டுப் போவார்கள். அது நம்பிக்கையின் அடையாளம்தான். ஆனால் ஏதாவது நேர்ந்தால் தாளில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். நம் நாட்டில் செவிலியர் தன் பொறுப்பில் மருந்து எழுத முடியாது. ஸ்டீராய்டைத் தொடங்குவது, கூட்டுவது, நிறுத்துவது எதுவும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. நீங்கள் செய்யலாம் என்று மருத்துவர் ஒப்புக்கொள்பவை எவையோ, அவற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த அறிகுறிக்கு எந்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம், அசதயோபிரின் சாப்பிடுகிறவருக்கு வெள்ளையணு 4000-க்குக் கீழே போனால் யாரை அன்றே அழைக்க வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார், இவையெல்லாம் அதில் இருக்கட்டும். நல்ல மருத்துவர் இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார். என் அனுபவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் பலருக்கும், இவ்வளவையும் இந்தப் பெண் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று உறைத்தது.

மருந்தேற்றும் நாளைப் பற்றி மட்டும் நான் சற்றுக் கடுமையாகப் பேசப் போகிறேன். நரம்பு வழியே ஏற்றும் இன்ஃபிளிக்சிமாப் மருந்தை முதலில் தொடங்கும்போது 0, 2, 6 என்று வாரக் கணக்கில் மூன்று முறை, பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் போகும். அதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயும் தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் பார்த்திருக்க வேண்டும். மும்பையில் இதை ஒருபோதும் தவறவிடக் கூடாது. குரோன்ஸ் எது, குடல் காசநோய் எது என்று பிரித்தறிவதே நம் நாட்டில் பெரும்பாடு. மருந்து ஓடத் தொடங்கிய பிறகு மூச்சு முட்டலாம், தடிப்பு வரலாம், ரத்த அழுத்தம் திடீரென இறங்கலாம். அந்த நேரத்தில், "எண்டோஸ்கோபி அறைக்குக் கொஞ்சம் வாங்க சிஸ்டர்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். மொழிபெயர்க்கக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். உங்களுக்குப் பதில் அதே பயிற்சி பெற்ற ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகே எழுந்திருங்கள். இதில் விட்டுக்கொடுக்க எந்த அளவும் இல்லை.

இதையெல்லாம் நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இரண்டு வாரங்கள், ஒவ்வொரு அழைப்பையும் செய்தியையும் எழுதுங்கள். நேரம், கேட்டது என்ன, எத்தனை நிமிடம் ஆனது, நீங்கள் இல்லையென்றால் அந்த நோயாளி என்ன செய்திருப்பார். கடைசிக் கேள்விதான் முக்கியம். "அவசரப் பிரிவுக்கு வந்திருப்பார்", "மருந்தை நிறுத்தியிருப்பார்", "வேலையை விட்டுவிட்டு அம்பர்நாத்திலிருந்து வந்திருப்பார்" என்று எழுதுங்கள். மற்றப் பிரிவுகளுக்கு மொழிபெயர்க்கப் போன நேரத்தையும் விடாதீர்கள். அது உதவி அல்ல, வேலை. நான் இதை முதன்முதலில் எழுதிக்கொண்டு போனபோது, எங்கள் மேலதிகாரி ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன்னை யார் இதையெல்லாம் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். வெளியே வந்து அழுதேன். இரண்டாவது முறை தனியாகப் போகவில்லை. பிரிவின் தலைமை மருத்துவரையும் நர்சிங் கண்காணிப்பாளரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினேன். எண்டோஸ்கோபி அறையிலிருந்து வாரம் மூன்று நாள் விடுவித்தார்கள். முழுதாகக் கிடைக்கவில்லை, மூன்று நாள் கிடைத்தது. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது சம்பள உயர்வு அல்ல என்பது என் கருத்து. நேரமும், உங்களோடு இன்னொரு செவிலியரும்தான். ஒரு வேலையை ஒரே ஆள் மட்டும் அறிந்திருந்தால், அவருக்கு விடுப்பே கிடையாது.

அந்த இரண்டாவது ஆளை நீங்களே பழக்குங்கள். ஐரோப்பாவில் இந்த நோய்க்கான மருத்துவ அமைப்பான எக்கோவின் கீழ் 2007 முதல் செவிலியர்களுக்கென்று தனிக் குழு இயங்குகிறது. ஐபிடி செவிலியரின் பணி என்ன என்பதை அவர்கள் விரிவாக வரையறுத்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் நிர்வாகத்துக்குக் காட்ட நல்ல ஆவணம் அது. அறுவை சிகிச்சைக்குப் பின் மலம் சேர வயிற்றில் பை வைத்த நோயாளிகளைப் பராமரிப்பதற்கு நீங்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை. பரேலில் டாடா நினைவு மருத்துவமனையில் அதற்கான செவிலியர் பயிற்சி நடக்கிறது. பெருங்குடலை எடுத்துவிட்ட இருபது வயதுப் பிள்ளைக்கு முதல் பையை மாற்றக் கற்றுத் தருவது, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. கை பழகிவிட்டால்தான் கண் முகத்தைப் பார்க்க முடியும்.

"நீங்கள் தெய்வம்" என்ற சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். உங்கள் மருத்துவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தெய்வம் என்று சொல்லிவிட்ட பிறகு உங்களுக்கு நாற்காலி வேண்டும், விடுப்பு வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும் என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. நம் மொழியிலேயே இந்தப் பாரம் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் வளர்ப்புத் தாய். காதலனோடு உடன்போக்கில் சென்றுவிட்ட மகளைத் தேடிப் பாலை வழியில் எதிரே வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு நடப்பவள் அவள்தான். அந்தப் பெயரைத்தான் நமக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்த பெயர், பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செவிலிக்கு ஒரே மகள், தங்கையே. உங்களுக்கு 640 பேர்.

மனப்பாரத்துக்கும் ஓர் இடம் வேண்டும். நோயாளிகள் உங்களிடம் சொல்லும் ரகசியங்கள் சாதாரணமானவை அல்ல. "மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம், நீங்களே என் மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று தாய்மார்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். யாருக்குச் சொல்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து சாப்பிடுகிறவர் கருத்தரிக்கக் கூடாது என்பதையும், மற்றபடி நோய் அடங்கியிருக்கும்போது குழந்தை பெறுவதற்குப் பெரும்பாலும் தடை இல்லை என்பதையும் அவளிடம் நேராகச் சொல்லுங்கள், மற்றதைச் சுமக்காதீர்கள். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், உங்களுக்கு மேலதிகாரி அல்லாத ஒரு மூத்த செவிலியரிடம், அந்த மாதம் மனதை அறுத்த இரண்டு நோயாளிகளைப் பற்றிப் பேசுங்கள். பணி நேரத்திலேயே அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தூக்கமின்மை இன்னும் சில வாரங்கள் நீடித்தால் உங்களுக்கே மருத்துவ உதவி தேவை. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கணவர் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன். இரவில் நீங்கள் விழித்துக் கிடப்பதைப் பார்க்கிறவர் அவர். அவரிடம் மூன்று மாதம் கேளுங்கள். தனி ஃபோன், கையெழுத்திட்ட இரண்டு பக்கம், துணைக்கு ஒருவர். மூன்று மாதத்தில் இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால் வேறு மருத்துவமனையைத் தேடுங்கள். அது நோயாளிகளைக் கைவிடுவது ஆகாது. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு மும்பையில் இடம் இருக்கிறது.

இதைப் படிக்கும் நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சிஸ்டருக்கு எழுதும்போது ஒரே செய்தியில் எழுதுங்கள்: எத்தனை முறை, ரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, என்ன மருந்து எத்தனை நாளாக. பத்துத் துண்டுகளாக அனுப்பாதீர்கள். உங்களுக்கு அவர் உதவியிருந்தால், இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் பெயரையும், அவர் செய்தது இன்னது என்பதையும் குறிப்பிடுங்கள். அந்தக் கடிதம் அவருடைய கோப்புக்குள் போகும்; ஆள் கேட்கும் நாளில் அவருக்காகப் பேசும்.

தங்கையே, இன்றிரவு ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். அட்டையை நாளைக்கே எழுதத் தொடங்கலாம், நான்கு வரிதான். மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, அந்த மாணவன் அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது முதல் அட்டையை அவன் கையில் கொடுங்கள்.